ஞாயித்துக்கிழமை வந்த வண்டி

இந்தச் சத்தம் இருக்கு பாரும்மா, இந்த ஆம்புலன்ஸ் சத்தம், இதக் கேட்டாலே எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ பண்ணும். போகட்டும், போகட்டும், வழி விட்டுட்டான் டிரைவரு. பாரு, பஸ்ல இருக்கிற அம்புட்டுப் பேரும் கழுத்த நீட்டி நீட்டிப் பாக்குறாங்க. உள்ள கெடக்குறது ஆணா பொண்ணா, வயசு என்ன, பொழைக்குமா பொழைக்காதா. இந்தப் பார்வைதாம்மா எனக்கு ஆகாது. இதே பார்வை ஒருநாள் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு.

நீ எதுவரைக்கும் போற? கலெக்டர் ஆபீஸா? அப்ப நேரம் இருக்கு. பாலம் கட்டுறோம்னு நோண்டிப் போட்டிருக்கானுக, இந்த ரோட்டுல பஸ்ஸு எங்க நகருது. உனக்கு மாமியா இருக்காங்களா? நல்லாப் பேசுவியா அவங்ககிட்ட? பேசணும்மா. எம் மருமக எங்கிட்டப் பேசுறதில்ல. என்ன தப்புப் பண்ணேன்னு கேட்டா அதுக்கும் பதில் இல்ல. நீ யாரோ, நான் யாரோ, உங்கிட்டச் சொன்னா என்ன. நீயே ஒரு ஞாயம் சொல்லு.

எனக்கு ஒரே பையன். குருநாதன். மோட்டார் பைக்குக்குச் சாமான் விக்கிற கடை வச்சிருந்தான், கம்மாக்கரை ரோட்டுல. தங்கமான பிள்ளைம்மா. பெத்தவ சொல்றேன்னு நினைக்காத, ஊரே சொல்லும். எம் பேச்சத் தட்டுனதே இல்ல. காலேஜ் முடிச்சதும் துபாய்ல வேலைன்னு ஒரு கூட்டாளி கூப்பிட்டான், இவனும் எல்லாத்தையும் ரெடி பண்ணிட்டான். நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன், "நீ பிளேன் ஏறுன அன்னைக்கு நான் கெணத்துல எறங்கிருவேன்"னு. அம்புட்டுத்தான். டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துட்டு வந்து, "என்னம்மா இன்னைக்குக் குழம்பு?"ன்னு கேட்டான். மூஞ்சியில ஒரு வருத்தம் இருக்கணுமே! அப்பிடிப் பிள்ளை.

மருமக பேரு சுகந்தி. நான் பாத்து எடுத்தவதான். நல்லவதான், இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஜவுளிக்கடையில பில்லு போடுற வேலை பாத்துக்கிட்டிருந்தா. பிள்ளை பாக்கியம் இல்ல. அத நான் ஒருநாளும் குத்திக் காட்டுனது இல்லம்மா. என்னைக்காவது கோவத்துல ரெண்டு வார்த்தை வந்திருக்கும், அதெல்லாம் கணக்கா?

அன்னைக்கு ஞாயித்துக்கிழமை. கறி எடுத்திருந்தோம். நெஞ்செலும்பு போட்டுக் குழம்பு வச்சேன், அவனுக்குப் பிடிக்கும்னு. நல்லாத்தான் சாப்பிட்டான். கைகழுவிட்டு வந்தவன் கட்டில்ல உக்காந்து நெஞ்சத் தேய்க்கிறான். "என்னடா?"ன்னேன். "என்னமோ கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கும்மா"ன்னான். நெத்தியெல்லாம் வேர்வை. ஃபேன் ஓடுது, சட்டை தொப்பலா நனைஞ்சு போச்சு. "தாடையெல்லாம் வலிக்குது"ன்னான்.

நீயே சொல்லு, நெஞ்சு நோவுன்னா நெஞ்சுதான வலிக்கணும்? தாடை வலிச்சா அது வாயுதான? கறி தின்னா வாயு வரத்தான் செய்யும். எங்க அப்பாவுக்கு வரும், எங்க பெரியப்பாவுக்கு வரும். நான் ஓமத்தக் காய்ச்சிக் குடுத்தேன், பெருங்காயத்த மோர்ல கரைச்சுக் குடுத்தேன், முதுக நீவி விட்டேன். ஏப்பம் ஒண்ணு வந்துச்சு. "பாரு, கலையுது பாரு"ன்னேன். அவனும் ஆமாங்கிற மாதிரி தலைய ஆட்டுனான்.

இவ அடுப்படிக்குள்ள போயி நின்னு போன் பேசிக்கிட்டிருந்திருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. வீட்டுல பெரியவ ஒருத்தி இருக்கேனே, கேக்கணுமா வேணாமா? நூத்தியெட்டுக்குப் போட்டுட்டா.

ரேஷன் அரிசி நேரத்துக்கு வராது, தண்ணி லாரி வராது, இந்த வண்டி மட்டும் போன் வச்ச கையோட வந்து நிக்குதும்மா. தெருமுக்குல சத்தம் கேக்குறப்ப யாரு வீட்டுக்கோன்னு நானும் எட்டிப் பாக்குறேன். எங்க வாசல்ல வந்து நிக்குது. எதுத்த வீட்டு டெய்லர் பொண்டாட்டி தையல விட்டுட்டு வெளிய வந்துட்டா. மாடியில துணி காயப்போட்டவ அங்கிட்டிருந்து எட்டிப் பாக்குறா. ஞாயித்துக்கிழமையா, தெருவே வீட்டுலதான் இருக்கு.

ரெண்டு பேரு எறங்குனாங்க. ஒருத்தன் பொட்டி ஒண்ணத் தூக்கிக்கிட்டு நேரா உள்ள வர்றான். சின்ன வயசுதான், மரியாதையாத்தான் பேசுனான். "யாரும்மா பேஷண்ட்?"ன்னான். நான் நிலைப்படியிலயே நின்னேன். "யாருமில்ல தம்பி, சாதாரண வாயுக் கோளாறு. எம் மருமக பதறிப்போயிக் கூப்பிட்டுட்டா. உங்களுக்கு வீண் அலைச்சல், மன்னிச்சிருங்க"ன்னேன். தன்மையாத்தாம்மா சொன்னேன்.

"ஒரு நிமிஷம் பாத்துட்டுப் போயிடுறேம்மா"ன்னான். சுகந்தி உள்ளருந்து, "வாங்க சார், வாங்க, இங்க இருக்காரு"ன்னு கத்துறா. தெருவுக்கே கேக்குது. அவன் என்னச் சுத்திக்கிட்டு உள்ள போயிட்டான். குருநாதன் கையப் பிடிச்சுப் பாத்தான். என்னமோ விரல்ல மாட்டுனான். "அண்ணே, வண்டில ஏறுங்க. நெஞ்சு விஷயம், சும்மா இருக்கக் கூடாது. பெரியாஸ்பத்திரில இதுக்குன்னு தனி வார்டு இருக்கு, ஞாயித்துக்கிழமைன்னாலும் டாக்டருங்க இருப்பாங்க"ன்னான்.

பெரியாஸ்பத்திரி. அந்தப் பேரக் கேட்டதும் நான் கட்டிலுக்கும் அந்தத் தம்பிக்கும் நடுவுல போயி நின்னுட்டேன்.

உனக்குத் தெரியாதும்மா. எங்க வீட்டுக்காரரு அங்கதான் போனாரு. சக்கரை வியாதி, காலுல ஆணி குத்துன புண்ணு. நான் என்ன வைத்தியம் பண்ணல சொல்லு! வேப்பிலை மஞ்சள் வச்சுக் கட்டுனேன், மலைக்காரங்ககிட்ட எண்ணெய் வாங்கித் தடவுனேன், பூராம் பண்ணேன். கால் கறுத்து, வாடை வர ஆரம்பிச்ச பெறகுதான் வேற வழியில்லாம பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காலையும் எடுத்தாங்க, ஆளையும் எடுத்துட்டாங்க. வீட்டுல இருந்தவரைக்கும் உசுரோட இருந்தவரும்மா. அங்க போயித்தான் செத்தாரு. அன்னைக்கே முடிவு பண்ணேன், எம் பிள்ளைய அந்த வாசப்படி மிதிக்க விட மாட்டேன்னு.

"எங்களுக்குன்னு டாக்டர் இருக்காரு தம்பி, நாங்க பாத்துக்குறோம்"ன்னேன். அவன் குருநாதனப் பாத்து, "நீங்க சொல்லுங்கண்ணே, போலாமா?"ன்னான். இவ, "ஏங்க, போயிரலாங்க. ஏங்க, என்னப் பாருங்க"ன்னு அவன் கையப் பிடிச்சு இழுக்குறா. எம் பிள்ளை யாரப் பாத்தான் தெரியுமா? என்னத்தான் பாத்தான். "அம்மா சொல்றாங்கள்ல... கொஞ்ச நேரத்துல சரியாயிரும்"னான். அவன் வாயால சொன்னதும்மா. நான் சொல்லல. எல்லாரும் கேட்டாங்க, டெய்லர் பொண்டாட்டி கேட்டா, மாடிக்காரி கேட்டா. அப்புறம் என்ன?

வர மாட்டோம்னு கையெழுத்துப் போடணும்னான். சுகந்தி போட மாட்டேன்னு செவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. நான் போட்டேன். எனக்கென்ன பயம்? அந்தத் தம்பி போகப் போகத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனான். "மறுபடி வலி கூடுச்சுன்னா யோசிக்காதீங்கம்மா, போன் பண்ணுங்க"ன்னான். வண்டி சத்தமில்லாமப் போயிருச்சு. நான் வெளிய வந்து, "ஒண்ணுமில்ல, வாயுதான்"னு எல்லாத்துக்கும் சொல்லிட்டுக் கதவச் சாத்துனேன்.

அதுக்காக நான் சும்மா இருந்தேன்னு நினைக்கிறியா? அந்த மாதிரித் தாய் இல்லம்மா நான். வலி விடலைன்னதும் நானே தெருமுக்குக்கு ஓடிப்போயி ஆட்டோ கூட்டிட்டு வந்தேன். வெயில்ல, கால்ல செருப்பு இல்லாம. எங்க டாக்டர் சுந்தரவடிவேலு, எம் பையனுக்குப் பொறந்ததுலருந்து பாக்குறவரு, கைராசிக்காரரு. அங்க போனா கதவு பூட்டிக் கெடக்கு. ஞாயித்துக்கிழமை. வாசல்ல கம்பவுண்டர் மட்டும் உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கான். டாக்டரு கும்பகோணத்துல கல்யாணத்துக்குப் போயிருக்காராம். கெஞ்சிக் கூத்தாடி போன் போடச் சொன்னேன். நாதஸ்வரச் சத்தம் கேக்குது பின்னால. "தாடை வலிக்குதா? வேர்க்குதா? நீங்க ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்கம்மா, நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போங்க"ன்னாரு. ஃபோன வச்சுட்டாரு.

பெரிய ஆஸ்பத்திரின்னா எதும்மா? எது பெரிசோ அதுதான? ரிங் ரோட்டுல கண்ணாடி கண்ணாடியா மாளிகை மாதிரி ஒண்ணு கட்டியிருக்கான்ல, அதவிடப் பெரிசு இந்த ஊர்ல ஏது? டாக்டரு அதத்தான் சொல்றாருன்னு நான் ஆட்டோக்காரன்கிட்டச் சொன்னேன். இவ குறுக்க வந்து, "அத்தை, அவர் சொன்னது கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரிய"ங்கிறா. நான்தான போன்ல பேசினேன்? எங் காதுலதான விழுந்துச்சு? இவளுக்கு எப்பிடித் தெரியும்? படிச்சவன்னு ஒரு நெனப்பு. அவ்வளவு பெரிய டாக்டரு, பொறந்ததுலருந்து எம் பிள்ளையப் பாத்தவரு, அங்க போயித் தள்ளச் சொல்லுவாரா?

போற வழியில இவன் மூச்சு விடச் சிரமப்படுறான்னதும், ஒரு நர்சிங் ஹோம் வாசல்ல நிறுத்தச் சொன்னேன். பச்சை லைட்டு போட்டு இருபத்திநாலு மணி நேரமும்னு எழுதியிருந்துச்சு. ஆகா, என்ன சுத்தம்கிற! தரையில மூஞ்சி தெரியுது. ஏசி. சாமி படத்துக்கு முல்லைப்பூ. ஒரு சின்னப் பொண்ணுதான் டாக்டரு. நெஞ்சுல ஒயர் ஒட்டிப் படம் எடுத்தா. பேப்பரு நீளமா வெளிய வருது, அதப் பாத்ததும் அவ மூஞ்சி மாறிப்போச்சு. மாத்திரையக் குடுத்து, "இதக் கடிச்சு முழுங்குங்க"ன்னா. எங்கிட்ட வந்து, "இங்க இதுக்கு வசதி இல்லம்மா. அடைப்பு இருக்கு. உடனே ஜி.ஹெச். கொண்டுபோங்க, நான் போன் பண்ணிச் சொல்றேன்"னா.

அவளும் அதையே சொல்றா பாரு. சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும்? "உங்க ஆம்புலன்ஸ அனுப்பும்மா"ன்னேன். டிரைவர் லீவாம். ஷெட்டுல வண்டி நிக்குது, பளபளன்னு, மூடி போட்டு. ஓட்ட ஆள் இல்ல. சுகந்தி மறுபடி நூத்தியெட்டுக்குப் போடுறேன்னு செல்போன எடுத்தா. நான்தான் வாங்கி வச்சுக்கிட்டேன். வெளிய ஆட்டோ நின்னுக்கிட்டிருக்கு, இன்னொரு வண்டி வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா? புத்தியோடதான செய்யணும் எதையும்? நீ சொல்லு.

அந்தப் பொண்ணு வாசல் வரைக்கும் வந்து ஆட்டோக்காரன்கிட்ட என்னமோ சொல்லிட்டுப் போச்சு. அவன் மூஞ்சியும் ஒரு மாதிரி ஆயிருச்சு. "அம்மா, ஜி.ஹெச்.சுக்கு விடவா?"ன்னான். "நீ நான் சொல்ற எடத்துக்குப் போப்பா"ன்னேன்.

இந்த ரோட்டுலதாம்மா. இதோ இந்தத் தூண் நிக்குதே, இந்த எடத்துலதான் ஆட்டோ மாட்டிக்கிச்சு. முன்னால லாரி, பின்னால பஸ்ஸு, பக்கத்துல ஒரு கல்யாண வேன், அதுல பாட்டுப் போட்டு ஆடிக்கிட்டிருக்காங்க. குருநாதன் நடுவுல உக்காந்திருந்தான். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ. எம் மடியில படுடான்னேன், படுக்க முடியல அவனுக்கு. அவ தோள்ல சாஞ்சுக்கிட்டான். சுகந்தி எறங்கி, கல்யாண வேன் கண்ணாடியத் தட்டித் தட்டி வழி கேட்டா. நடு ரோட்டுல, தலை கலைஞ்சு போயி. எனக்குப் பாக்கவே கூச்சமா இருந்துச்சு. ஆனா விட்டுட்டாங்க, அதச் சொல்லணும். வேன ஓரங்கட்டி வழி விட்டாங்க.

கண்ணாடி ஆஸ்பத்திரி வந்துச்சு. ஆட்டோ உள்ள வரக் கூடாதாம். கேட்டுலயே நிப்பாட்டிட்டான் செக்யூரிட்டி. கார் மட்டுந்தான் போர்டிகோ வரைக்கும் போகலாமாம். எம் பிள்ளை நடந்து வந்தாம்மா. ஒரு பக்கம் நான் பிடிக்க, ஒரு பக்கம் அவ பிடிக்க, ஆட்டோக்காரன் பின்னாலருந்து இடுப்பத் தாங்க, தோட்டம் எல்லாம் தாண்டி நடந்து வந்தான். உள்ள ஒரு பொண்ணு உக்காந்திருக்கா, என்ன அழகு, என்ன மரியாதை! என்னைய 'மேடம்'னு கூப்பிட்டா. "மேடம், சாரி மேடம், ஐசியூல பெட் இல்ல மேடம், ஹார்ட் டாக்டரும் இன்னைக்கு ஊர்ல இல்ல மேடம்"ன்னா. சிரிச்ச முகம் மாறல. "நாங்க இங்கயே தரையில வச்சுப் பாக்கச் சொன்னாலும் இருக்கோம்மா"ன்னேன். "அப்படி முடியாது மேடம், வேணும்னா உக்காருங்க, மானேஜர்கிட்டக் கேக்குறேன்"ன்னா. உக்காரச் சொன்னாம்மா. சோபா. அவங்களக் குறை சொல்ல மாட்டேன். எடம் இல்லைன்னா அவங்கதான் என்ன பண்ணுவாங்க?

அந்தச் சோபாவுல உக்காந்த வாக்குல குருநாதன் வாந்தி எடுத்துட்டான். எல்லாம் அந்த மோரும் ஓமமும். ஒருத்தன் தொடைக்கிற கட்டைய எடுத்துக்கிட்டு ஓடி வந்தான். எம் பிள்ளைகிட்ட யாரும் வரல, தரைகிட்டத்தான் வந்தாங்க. நான் முந்தானையால தொடச்சு விட்டு, "மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க"ன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிக்கிட்டிருக்கேன்.

அப்பத்தாம்மா சுகந்தி கத்துனா. கல்யாணம் ஆகி வந்ததுலருந்து அந்தக் கொரல நான் கேட்டதில்ல. ஊமை மாதிரி இருந்தவ. "அண்ணே, தூக்குங்கண்ணே! பெரியாஸ்பத்திரிக்கு விடுங்கண்ணே!"ன்னு ஆட்டோக்காரனப் பாத்துக் கத்துறா. கண்ணாடியெல்லாம் அதிருது. அங்க உக்காந்திருந்த பெரிய மனுசங்க எல்லாம் திரும்பிப் பாக்குறாங்க. ரெண்டு பேரும் அவனத் தூக்கிக்கிட்டு ஓடுறாங்க. என்ன வான்னுகூடக் கூப்பிடல. நான் பின்னாலயே ஓடிப்போயி ஏறுனேன்.

ஆட்டோ பெரியாஸ்பத்திரிப் பக்கம் திரும்புச்சு. குருநாதனுக்கு அந்த ஆலமரம் தெரிஞ்சிருக்கும் போல, அவங்கப்பாவக் கொண்டுவந்தப்ப அது அடியிலதான் நாங்க உக்காந்திருந்தோம். கண்ணத் தொறந்து என்னப் பாத்தான். ஒதடெல்லாம் வெளுத்துப் போச்சு. என்ன சொன்னான் தெரியுமா? "கோவிச்சுக்காதம்மா"ன்னான். அம்புட்டு நோவுலயும் எம் மனசு நோகக் கூடாதுன்னு நெனச்சாம் பாரு! அந்த எடத்துக்கு எனக்குப் பிடிக்காமப் போறோமேன்னு. "கோவிச்சுக்காதம்மா." அதுக்கப்புறம் அவன் பேசல. எந்தப் பிள்ளை சொல்லும் இந்தக் காலத்துல?

அங்க ஆட்டோவ யாரும் தடுக்கல. நேரா உள்ள விட்டான். ஆட்டோ நின்னதும் நாலஞ்சு பேரு ஓடி வந்தாங்க, தள்ளுவண்டியில போட்டாங்க, சட்டையக் கத்தரிக்கோலால வெட்டுனாங்க. ஆடிக்கு எடுத்துக் குடுத்த சட்டைம்மா. ஒருத்தன் மேல ஏறி நெஞ்ச அமுக்குறான், இன்னொருத்தன் பலூன் மாதிரி ஒண்ண வாயில வச்சுப் பிதுக்குறான். மாத்தி மாத்தி அமுக்குறாங்க. நான் வேணாம்ப்பா வலிக்கும்ப்பான்னு கத்துறேன். எலும்பு நொறுங்கிரும் போல இருக்கு. என்ன வெளிய தள்ளிட்டாங்க.

ரொம்ப நேரம் கழிச்சு ஒரு டாக்டரம்மா வெளிய வந்துச்சு. மூஞ்சியெல்லாம் வேர்வை, முடியெல்லாம் ஒட்டிப்போயி. தண்ணி குடிக்கல, உக்காரல, நேரா எங்ககிட்டத்தான் வந்துச்சு. "எப்ப ஆரம்பிச்சது வலி?"ன்னு கேட்டுச்சு. "மதியம் சாப்பிட்ட ஒடனே"ன்னா சுகந்தி. அந்தம்மா செவத்துல இருக்கிற கடியாரத்தப் பாத்துச்சு. "ஏம்மா, இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?"ன்னுச்சு. ஆட்டோக்காரன் தூணப் பிடிச்சுக்கிட்டு நின்னான். நான்தான், "எல்லா எடத்துக்கும் கொண்டுபோனோம் டாக்டர், ஒண்ணு விடல"ன்னேன். "வலி வந்த ஒடனே இங்க வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்மா"ன்னு சொல்லிட்டு உள்ள போயிருச்சு.

அவங்க எல்லாரும் இப்பிடித்தாம்மா சொல்லுவாங்க. எங்க வீட்டுக்காரருக்கும் இதையேதான் சொன்னாங்க, முன்னாடியே கொண்டு வந்திருக்கணும்னு. அது அவங்க வாய்ப்பாடு. நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேன். நான் சொன்னேன்ல? சொன்னேன்ல? பெரியாஸ்பத்திரிக்குள்ள போனவன் திரும்பி வர மாட்டான்னு சொன்னேன்ல? நடந்துச்சா இல்லையா? வீட்டுல உசுரோட இருந்தான், டாக்டரு வாசல்ல உசுரோட இருந்தான், கண்ணாடி ஆஸ்பத்திரில உசுரோட நடந்து போனான். அங்க போனப்புறம்தான் போனான். இத நான் சுகந்திகிட்டயே சொன்னேன். அந்த வராண்டாவுலயே சொன்னேன், "நீ கத்தாம இருந்திருந்தா மானேஜரு வந்திருப்பாரு, எம் பிள்ளைக்கு எடம் கெடைச்சிருக்கும்"னு.

அவ என்னைய ஏறெடுத்துப் பாத்தா. அவ்வளவுதான். அன்னைக்கு மூடுன வாய்.

காரியம் முடியிற வரைக்கும் இருந்தா. செய்ய வேண்டியது எல்லாம் செஞ்சா, எதுலயும் குறை வைக்கல. முடிஞ்சதும் ஒரு பை துணிய எடுத்துக்கிட்டு, சாமி ரூம்புல அவன் படத்துக்கு ஒரு பூவ வச்சுட்டு எறங்கிப் போயிட்டா. ஜவுளிக்கடைப் பொண்ணுங்களோட சேந்து வீடு எடுத்து இருக்காளாம். கடைக்குப் போயி நின்னேன். பில்லு போடுற எடத்துல உக்காந்திருந்தா. "அடுத்தவங்க வாங்க"ன்னு என்னத் தாண்டிப் பின்னால இருக்கவங்களக் கூப்பிட்டா. அவ்வளவு கூட்டத்துல. நான் ஒரு ஜாக்கெட் பிட்ட வாங்கிட்டுப் பேசாம வந்துட்டேன், தைக்கக்கூட இல்ல இன்னும்.

தனியாத்தான் இருக்கேன். கடைய வித்தாச்சு. டெய்லர் பொண்டாட்டி கூட இப்பல்லாம் வாசல்ல என்னக் கண்டா உள்ள போயிர்றா. ஏன்னு எனக்குத் தெரியல. பிள்ளையப் பறிகுடுத்தவளப் பாத்தா அபசகுனம்னு நெனைக்குது போல ஜனம்.

இப்ப, ஒரு ரெண்டு மாசம் முந்தி, எனக்கே வந்துச்சும்மா. ஆமா, எனக்குத்தான். மார்க்கெட்டுல கத்திரிக்காய் பொறுக்கிக்கிட்டிருக்கேன், கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு, அதான் தெரியும். முழிச்சா ஒயரும் டியூபுமா கட்டில்ல கெடக்குறேன். எங்க இருக்கேன்னு கேட்டா பெரியாஸ்பத்திரிங்கிறாங்க. காய்க்காரி நூத்தியெட்டுக்குச் சொல்லியிருக்கா, அள்ளிப்போட்டுக் கொண்டுபோயிட்டானுக. எனக்கு நெனவு இருந்திருந்தா விட்டிருப்பேனா? நெஞ்சுல அடைப்பாம், தொடை வழியா கம்பிய விட்டு எடுத்துட்டாங்களாம். அதே டாக்டரம்மாதான், எனக்கு அவங்கள அடையாளம் தெரிஞ்சுச்சு, அவங்களுக்கு என்னத் தெரியல. "நேரத்துக்கு வந்துட்டீங்க, பாட்டியம்மா"ன்னு கன்னத்தத் தட்டிட்டுப் போச்சு. என்னமோ எங் கெட்டி ஆயுசு, பொழைச்சுக்கிட்டேன். அங்க போயிக்கூடப் பொழைச்சுக்கிட்டேன்னா பாத்துக்கயேன்.

மறுநாள் சுகந்தி வந்தா. யாரு சொன்னாங்களோ. தூக்குவாளியில கஞ்சி. கட்டில் ஓரத்துல உக்காந்து ஒவ்வொரு கரண்டியா ஊதி ஊதிக் குடுத்தா. சூடு பாத்துப் பாத்துக் குடுத்தா. வாயத் தொடைச்சு விட்டா. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சும்மா. சரி, மனசு மாறிட்டா, இனி வீட்டுக்கு வந்திருவான்னு நெனச்சேன். "கண்ணு, வந்துட்டியா"ன்னு அவ கையப் பிடிச்சேன். அவ கைய உருவல. தூக்குவாளிய மூடிக்கிட்டே சொன்னா. கோவமா எல்லாம் இல்ல, மெதுவாத்தான் சொன்னா. பக்கத்துக் கட்டிலுக்குக் கூடக் கேட்டிருக்காது.

"நல்லவேளை அத்தை. உங்களக் கூட்டிட்டுப் போக வந்த வண்டியத் திருப்பி அனுப்ப அங்க யாரும் இல்ல."

அவ்வளவுதான் சொன்னா. எந்திரிச்சுப் போயிட்டா.

செத்துப் பொழைச்சுக் கெடக்குற ஒருத்திகிட்டச் சொல்ற வார்த்தையாம்மா அது? பெத்தவ நான். எனக்கு இல்லாத அக்கறையா அவளுக்கு? அன்னைலருந்து ராத்திரி கண்ண மூடுனா அந்த வார்த்தைதான் வந்து நிக்குது. என்ன அர்த்தத்துல சொன்னா? எத மனசுல வச்சுக்கிட்டுச் சொன்னா? எனக்குப் புரியல. உனக்குப் புரியுதா? நீ படிச்ச பொண்ணு மாதிரி இருக்க, நீயாவது சொல்லு.

ஏம்மா, நீயும் ஏன் இப்பிடிப் பேசாம இருக்க?